ஆறுமணிக் குருவியும் பெருச்சாளியும்: ஒப்படைக்கு உதவி தேவை

2023 ஒக்டோபர் 11, மாலை 7.15
(வத்தளை வாசகர் ஒருவர் கேட்டது)

மகன் தரம் 7. விஞ்ஞான ஒப்படை ஒண்டு குடுத்திருக்கினம். "சிறிய காட்டுப் பறவை ஒன்றையும் வளை தோண்டும் முலையூட்டி ஒன்றையும் ஒப்பிடுக." இதில என்னத்தை ஒப்பிடுறது? ஒண்டு பறக்கும், மற்றது தோண்டும். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். திங்கட்கிழமை குடுக்கவேணும். ஆராவது நாலு வரி எழுதித் தாங்கோ.

ஒக்டோபர் 11, இரவு 10.40

முதலில் அந்தப் பறவையை வானத்திலிருந்து கீழே இறக்குங்கள் அண்ணை. தெஹிவளையில் எங்கள் வளவுக்கு ஒவ்வொரு வருடமும் ஆறுமணிக் குருவி வரும். இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியாவுக்கும் இடைப்பட்ட காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிக்கு இங்கே வருகிற குருவி. அடிவாரத்திலிருந்து வந்தால் 2,000 கிலோமீற்றருக்கு மேல். அதுவும் இராத்திரியில் பறந்து வருவது. அவ்வளவு தூரம் பறந்த பிராணி, வந்து சேர்ந்த நாள் முதல் தரையை விட்டு எழும்பாது. சருகுக்குள் தத்தும், நிற்கும், தலையைச் சரித்துப் பார்க்கும், ஒரு இலையை அலகால் புரட்டிவிடும், கீழே இருந்ததை விழுங்கும். விரட்டினால் பறக்கும். அப்போதும் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் வேலிக்குள் புகுந்துவிடும்.

முலையூட்டிக்குப் பெருச்சாளியை எழுதச் சொல்லுங்கள். காட்டுக்குப் போகத் தேவையில்லை, வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் கானுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். ஒரு கிலோவுக்குக் குறையாத உருப்படி. கீழே மண்ணுக்குள் குடும்பம், மேலே எங்கள் குப்பையில் சாப்பாடு.

தம்பி எழுதக்கூடிய ஒரு விஷயம்: இரண்டுக்கும் வால் கட்டை. குருவிக்கு வாலே இல்லையோ என்று தோன்றும், யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி. பெருச்சாளியின் வால் உடம்பை விடச் சற்றுக் குட்டை. தரையோடு சீவிப்பதற்கு நீள வால் வசதிப்படாது போல. (இது என் ஊகம், ஒப்படையில் எழுத வேண்டாம்.)

இன்னொன்று ஆயுதம். குருவிக்கு அலகும் நீளமான காலும். பெருச்சாளிக்கு நகமும் முன்பல்லும். அந்த முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கத்தில் மட்டும் கெட்டியான மிளிரி (எனாமல் என்கிற மேற்பூச்சு), பின்பக்கம் அவ்வளவு கெட்டியில்லை. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் தேயும், முன்பக்கம் உளிமாதிரிக் கூராகும். சாணை பிடிக்கக் கூலி இல்லை.

"வாழிடம்" என்ற நிரலில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடலாம்: சருகுத் தரை. ஒன்று மேல்மாடி, மற்றது நிலவறை, அவ்வளவுதான்.

நான் விலங்கியல் படித்தவன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். முற்றத்தைப் பார்த்துக்கொண்டு ரீ குடிப்பது பொழுதுபோக்கு.

ஒக்டோபர் 12, காலை 6.30

இரவு எழுதியதை வாசித்துப் பார்த்தேன். பறவை என்றால் தோண்டாது என்ற மாதிரி ஒரு தொனி வந்திருக்கிறது. பிழை. அத்திடியப் பக்கம் வாய்க்கால் கரையில் மீன்கொத்தி துளை போட்டு முட்டை இடுவதை நானே பார்த்திருக்கிறேன். பஞ்சுருட்டானும் மண்ணைக் குடைந்துதான் கூடு வைக்கும். ஆகவே தம்பி அட்டவணையில் "பறவை தோண்டாது, முலையூட்டி தோண்டும்" என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறுமணிக் குருவி தோண்டாது என்று மட்டும் எழுதலாம்.

ஒக்டோபர் 15, மாலை 4.10

நாளைக்கு ஒப்படை கொடுக்கும் நாள். அதற்குப் பிரயோசனமில்லாத ஒன்று, ஆனால் எனக்கு இன்றைக்கு நித்திரை வராது போலிருக்கிறது.

ஆறுமணிக் குருவிக்கு ஆங்கிலத்தில் பிட்டா என்று பெயர். பிட்டா என்றால் தெலுங்கில் சின்னக் குருவி. சரி, இருக்கட்டும். பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் பாண்டிகூட். அதைத் தேடிப் போனால் அதுவும் தெலுங்கு! பந்திகொக்கு. பந்தி பன்றி, கொக்கு எலி. நீங்கள் சம்பந்தம் இல்லை என்றீர்கள் அண்ணை. இரண்டும் ஒரே ஊரில் கப்பலேறின பெயர்கள்.

சிங்களத்தில் பெருச்சாளிக்கு ஊரு மீயா. பக்கத்து வீட்டு ஆச்சி அப்படித்தான் திட்டுவார். ஊரு பன்றி, மீயா எலி. தெலுங்குக்காரரும் சிங்களவரும் தனித்தனியாகப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கோபம் வந்தால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிமாதிரி உறுமும், ஒருமுறை கேட்டவர்கள் வேறு பெயர் வைக்க மாட்டார்கள்.

குருவியின் கதை இன்னும் வேடிக்கை. 1766-இல் லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது காக்கை இனத்தில் சேர்த்தார். குட்டைவால் காகம் என்று அர்த்தம். பச்சை முதுகு, நீலத் தோள், வெள்ளைத் தொண்டை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. அதைப் பார்த்துக் காகம் என்றால் என்ன செய்வது.

ஒக்டோபர் 15, இரவு 11.05

மெல்பேர்னிலிருந்து மச்சான் எழுதியிருக்கிறான்: "எங்கட பாண்டிகூட் வடிவான பிராணி, பையில குட்டியை வச்சிருக்கும், நீ சொல்ற ஊத்தை எலி இல்லை." அது வேறு மச்சான். அங்குள்ள பை விலங்குக்கு இங்குள்ள எலியின் பெயரைத் தூக்கி வைத்தது வெள்ளைக்காரர்தான், 1799-இல் ஜோர்ஜ் பாஸ் என்ற கப்பல்காரர். பெயர் நம்முடைய பக்கத்தது. வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஒக்டோபர் 22, காலை 6.20

"ஆறுமணிக் குருவி உண்மையாகவே ஆறு மணிக்குத்தான் கூவுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஒரு வாரம் குறித்துவைத்தேன். காலையில் 5.48, 5.50, 5.49, ஒருநாள் மழையால் 5.58. பின்னேரம் 5.55-க்கும் 6.05-க்கும் இடையில். இரண்டு சுருதி விசில், முதலாவது மேலே ஏறும், இரண்டாவது கீழே இறங்கும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து அலகை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கூவும்.

குருவியிடம் மணிக்கூடு இல்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. கொழும்பில் ஒக்டோபர் நடுவில் சூரியன் உதிப்பது ஆறு மணிக்குக் கிட்ட. தை மாதக் கடைசியில் 6.25 ஆகிவிடும். அப்போது பெயரை மாற்ற வேண்டிவருமா என்று பார்ப்போம். ஜனவரியில் நினைவுபடுத்துங்கள்.

பெயர் உண்மையிலேயே பிழைத்த ஒரு காலம் இருந்தது. 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரம் மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அது கூடிப்போனது என்று அந்த ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு. 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தோம். ஆக ஒன்பதரை வருடம் கொழும்பில் இது ஆறரைமணிக் குருவி. வன்னியில் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். அங்கே குருவி சரியான நேரத்துக்குக் கூவியிருக்கும்.

ஒக்டோபர் 22, இரவு 8.00

கிளிநொச்சி அண்ணா ஒருவர் உடனேயே எழுதிவிட்டார்: "எங்கட குருவி ஒருநாளும் பிந்தினதில்லை தம்பி. நீங்கள்தான் பிந்தினனீங்கள்."

நவம்பர் 3, மதியம் 1.30

இந்த இழையை மறந்திருந்தேன். இன்றைக்குப் பின் விறாந்தையில் சீமெந்துத் தரை தாழ்ந்து, அம்மாவின் கதிரையின் ஒரு கால் உள்ளே போய்விட்டது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை, ரீ மட்டும் கொட்டியது. மேசன் பாஸ் வந்து ஒன்றரை அடி உடைத்துப் பார்த்தார். கீழே வெறும் குகை. பெருச்சாளி.

உள்ளே பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். வாசல் கானுக்குப் பக்கத்தில், கை முஷ்டி போகிற அகலம், வாசலில் கூடைக்கணக்கில் குவித்த மண். அங்கிருந்து சுவரோடு ஒட்டி வளைந்து வருகிற பாதை, இரண்டு இடத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளையின் முடிவில் ஒரு அறை, அதில் கிழிந்த கடதாசி, தென்னந்தும்பு, எங்கள் வீட்டுத் தும்புத்தடியில் காணாமல் போன மயிர். மற்றக் கிளையில் களஞ்சியம். தேங்காய்ச் சொட்டு ஏழெட்டு, பாதி தின்ற மரவள்ளிக்கிழங்கு, பல் பதிந்த சவர்க்காரத் துண்டு, நான் நாலு மாதமாகத் தேடிய பேனை மூடி. இன்னொரு பாதை மேலே ஏறி மதிலுக்கு அப்பால், பக்கத்து வளவின் வாழையடியில் முடிகிறது. அதன் வாயை இலேசான மண்ணால் அடைத்து வைத்திருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் வாசல் என்றே தெரியாது. பாம்பு முன்வாசலால் வந்தால் இவர் பின்பக்கம் தலையால் முட்டித் திறந்துகொண்டு போய்விடுவார்.

எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். கொழும்பு வாடகையில் எனக்குக் கிடைக்காத அறைகள் அதற்கு இருக்கின்றன.

ஒக்டோபர் 11-இல் "ஒன்று மேல்மாடி, மற்றது நிலவறை" என்று லேசாக எழுதிவிட்டேன். குருவிக்கு இங்கே வீடு என்று ஒன்றுமே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அது கூடு கட்டுவதெல்லாம் இந்தியாவில், தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில், பக்கவாட்டில் வாசல் வைத்த பந்துமாதிரி. நாங்கள் அதைக் காண்பதே இல்லை. இங்கே அது சாப்பிட வருகிறது, போகிறது. சொத்தெல்லாம் பெருச்சாளிக்கு, பயணமெல்லாம் குருவிக்கு.

நவம்பர் 4, காலை 9.00

கிளிநொச்சி அண்ணா மறுபடியும். அவர் வயல் செய்கிறவர். வரப்பைக் குடைந்து நெற்கதிரை வெட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கிறது பெருச்சாளி இல்லை, அகழான். உருவத்தில் சிறியது, கால் கிலோ அளவில்தான் இருக்கும். பெரிய களஞ்சியம் அதன் வேலை. கொழும்புக் கானில் இருப்பது பெருச்சாளி, அதே குலத்தின் பெரியண்ணன். "ரெண்டையும் குழப்பாதேங்கோ" என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். அகழ்வது அகழான், எவ்வளவு நேரான பெயர்.

இதற்கிடையில் ஒரு அக்கா, "பிள்ளையாரின் வாகனத்தைப் பற்றி மரியாதையாக எழுதவும்" என்றிருக்கிறார். வாகனம் பெருச்சாளி என்கிறவர்களும் உண்டு, மூஞ்சூறு என்கிறவர்களும் உண்டு. மூஞ்சூறு எலியே இல்லை அக்கா. கூர் மூக்கு, பூச்சி தின்னும், நாற்றத்தால் பூனையும் தொடாது. அதன் குட்டிகள் ஒன்றின் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு தாய்க்குப் பின்னால் ரயில்மாதிரி வரிசையாக ஓடும். ஒருநாள் குசினியில் அந்த ரயில் என் காலைத் தாண்டிப் போனது. உணவு என்று பார்த்தால் ஆறுமணிக் குருவிக்குக் கிட்டின உறவு மூஞ்சூறுதான், பெருச்சாளி இல்லை.

அழுங்கைச் சொல்லியிருக்கலாமே என்று அவிசாவளையிலிருந்து கேட்டவருக்கு: சொல்லியிருக்கலாம். பல்லே இல்லாமல், நாக்கால் கறையானை நக்கித் தின்று, பல அடி ஆழத்துக்கு வளை தோண்டுகிற முலையூட்டி. நான் ஒரேயொரு தடவை, ஹங்வெல்லைப் பக்கம் இராத்திரியில், வாகன வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். தார் வீதியில் ஒரு பனங்காய் உருண்டு போன மாதிரி. செதிலுக்காகப் பிடித்துத் தீர்க்கிறார்கள் என்று 2016-இல் உலக நாடுகள் கூடி எல்லா அழுங்கு இனங்களின் சர்வதேச வியாபாரத்தையும் தடை செய்தன. ஆனால் தரம் 7 பிள்ளை பார்த்து எழுதக்கூடியது கானில் இருக்கிறது.

நவம்பர் 11

பொறி வைத்தேன். பொரித்த கருவாட்டுத் துண்டு. இரவு இரண்டு மணிக்குத் தகரம் அதிர்ந்தது. கூட்டோடு நிறுத்து, கூட்டின் நிறையைக் கழித்தால் 780 கிராம். "ஒரு கிலோவுக்குக் குறையாது" என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளவும். உறுமல் மட்டும் ஐந்து கிலோ.

ஓட்டோவில் ஏற்றி அத்திடிய வெளியில் விடலாம் என்று பார்த்தால் ஓட்டோக்காரத் தம்பி கூட்டைப் பார்த்துவிட்டு "அண்ணே, இந்த ஹயர் வேணாம்" என்று போய்விட்டார். அம்மா "வெள்ளிக்கிழமை பிடிச்சதை ஒண்டும் செய்யாதை" என்றார். பக்கத்துக் காணியில் திறந்துவிட்டேன். அன்றிரவே திரும்பி வந்திருக்கும். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

கையுறை போட்டுத்தான் தொட்டேன். யாராவது இதைப் பார்த்து முயற்சி செய்தால் கட்டாயம் போடவும். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால் வரும், காலில் சின்னக் காயம் இருந்து கான் தண்ணீரில் மிதித்தாலே போதும். 2008-இல் இந்த நாட்டில் 7,000-க்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது.

நவம்பர் 19, காலை 7.00

"எங்கள் வீட்டுக்கு ஏன் குருவி வருவதில்லை? நாங்களும் தெஹிவளைதான்" என்று கேட்டவருக்கு.

உங்கள் முற்றத்தில் என்ன இருக்கிறது? கல் பதித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கும் முன்னர் வந்ததில்லை. அம்மா ஐம்பது வருடமாக விடியற்காலையில் முற்றம் கூட்டுகிறவர், ஒரு சருகு கிடந்தால் அன்றைக்கு வீடு விளங்காது. ஆறு வருடத்துக்கு முன் டெங்கு வந்து படுத்தார். மூன்று கிழமை யாரும் கூட்டவில்லை. ஜம்பு, பலா, ஈரப்பலா இலையெல்லாம் கணுக்கால் அளவுக்குக் குவிந்துவிட்டது. அந்த மூன்றாவது கிழமைதான் முதன்முதலாகச் சருகுக்குள் ஒரு பச்சை நகர்ந்தது. யன்னலால் பார்த்து "கிளி விழுந்து கிடக்குது" என்றார் அம்மா. விழவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஓர் உடன்படிக்கை. முன்முற்றம் அம்மாவுக்கு, ஜம்பு மரத்துக்குக் கீழே பின்வளவு குருவிக்கு. அங்கே கூட்டுவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு குருவி வருகிறது. அதே குருவி என்று சத்தியம் பண்ண மாட்டேன், காலில் வளையம் கிடையாது. இந்தக் கதையில் வளை இருப்பது ஒரே ஒருவருக்குத்தான்.

டிசம்பர் 10, இரவு 9.50

இதை எழுதாமல் விடலாம் என்று இருந்தேன்.

விறாந்தைத் தரையைப் பூசிய பிறகு மறுபடியும் மண் குவிந்தது. கடையில் ஒருவர் எலி ஒட்டுகிற பசை மட்டையைச் சொன்னார். வீட்டுக்குள் வைத்தால் அம்மா மிதித்துவிடுவார் என்று வெளியே, வளை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தேன். காகம் தூக்கக் கூடாதென்று மேலே இரண்டு பலா இலை. அந்த இலைதான் பிழை. சருகை யார் புரட்டுவார் என்று ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

நேற்றுக் காலை 5.50-க்குக் கூவவில்லை. ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு காலும், வயிறும், ஒரு செட்டையின் நுனியும் பசையில். கத்தவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. வாலுக்குக் கீழேயுள்ள சிவப்பு இறகு கொஞ்சம் மட்டையில் தனியாக ஒட்டிக் கிடந்தது.

மிருக வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்னபடி: முதலில் சுற்றியுள்ள பசையில் கோதுமை மா தூவி, விடுபட்ட பகுதி மறுபடி ஒட்டாமல் பார்த்தேன். பிறகு விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாக. குருவியின் விரல், என் விரல், இரண்டும்தான். நாற்பது நிமிடம். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் வரும். இறகில் எண்ணெய் இருந்தால் குளிரில் விறைத்துவிடும் என்று, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து, துவாயில் ஒற்றி, சப்பாத்துப் பெட்டியில் வைத்து, மேசை விளக்கைப் பக்கத்தில் கொளுத்தினேன். அம்மா மா அளக்கும் தராசைக் கொடுத்தார். பெட்டியைக் கழித்து 54 கிராம். அந்த 780-ஐ இதால் பிரித்தால் ஒரு பெருச்சாளிக்குப் பதினான்கு குருவி. கணக்குத்தான் போட முடிந்தது.

சாப்பாடு வேண்டுமே. ஜம்பு மரத்தடியில் குந்தியிருந்து சருகு புரட்டினேன். அரை மணி நேரத்தில் ஏழு மண்புழு, ஒரு கறுப்பு வண்டு. குருவி இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். அந்த ஏழில் ஐந்து கிடைத்தது எங்கே தெரியுமா? சருகுக்குள் இல்லை. வளை வாசலில் பெருச்சாளி புதிதாகக் கிளறிப் போட்டிருந்த மண்ணில். மற்ற இடமெல்லாம் இறுகிக் கிடந்தது, அந்தக் குவியல் மட்டும் மாவாக. குருவி அடிக்கடி அந்தப் பக்கம் தத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

டிசம்பர் 11, காலை 6.10

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். பத்து வினாடி ஒன்றும் செய்யவில்லை. பிறகு தாழ்வாகப் பறந்து செம்பரத்தை வேலிக்குள் போய்விட்டது. பசை மட்டைகளை மாப் போட்டு மூடி எறிந்துவிட்டேன். விறாந்தைக்குக் கீழே கம்பி வலை போட்டு மறுபடி பூசச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 11, மாலை 6.05

கூவவில்லை.

டிசம்பர் 14

5.57. கூவியது. அதே ஜம்பு மரப் பக்கம். அம்மா குசினியிலிருந்து "கேட்டதே?" என்றார். கேட்டது.

2024 ஜனவரி 14, மாலை 5.00

வத்தளை அண்ணை திரும்பி வந்திருக்கிறார், பொங்கல் வாழ்த்தோடு. ஒப்படைக்கு 10-க்கு 7. எங்கே மூன்று போனது என்று கேட்டேன். "வாழிடம்" நிரலில் இரண்டுக்கும் சருகுத் தரை என்று எழுதியதை ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டி, குருவிக்கு "மரம்" என்று எழுதியிருக்கிறாராம். அதற்கு இரண்டு. எழுத்துப் பிழைக்கு ஒன்று. எழுத்துப் பிழை தம்பியுடையது, மற்றது என்னுடையது.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதமாக முற்றத்தில் பார்க்கிறேன், பாடப் புத்தகத்தில் பறவை என்றால் மரம் என்று போட்டிருந்தால் சரியா? கடிதம் எழுதவா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, பெடியன் அடுத்த தவணையும் அவவிட்டத்தான் படிக்கவேணும்" என்றார். சரி.

ஜனவரி 28, காலை 6.30

முன்னர் நினைவுபடுத்தச் சொன்ன விஷயம். இந்தக் கிழமை காலைக் கூவல்: 6.12, 6.13, 6.11, 6.14. ஆறேகால்மணிக் குருவி. பின்னேரம் 6.20-க்குக் கிட்ட. இனி யாரும் மணிக்கூட்டை இதை வைத்துத் திருத்த வேண்டாம்.

ஜனவரி 28, இரவு 8.20

இன்று பின்னேரம் கடைசிக் கூவல் வந்த இடத்தைக் குறித்துவைத்து, ஏழரை மணிக்கு ரோர்ச்சோடு போனேன். இவ்வளவு காலம் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள், அந்த நேரம் செய்தி பார்ப்பேன்.

ஜம்பு மரத்தில், என் தலைக்கு ஓர் அடி மேலே, சின்னக் கிளையொன்றில் ஒரு பந்து. தலையைச் செட்டைக்குள் செருகி, இறகையெல்லாம் உப்பவைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில். வயிற்றுப் பக்கம் ஓரிடத்தில் இறகு குட்டையாக முளைத்திருந்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தை உடனே கீழே இறக்கினேன். இறக்கிய இடத்தில் பெருச்சாளி. சருகுக்குள் மூக்கை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தது. ரோர்ச்சைப் பார்த்து நிமிர்ந்தது, உறுமவில்லை, மறுபடி குனிந்தது.

ஆக ரீச்சர் பாதி சரி. பகலில் தரை, இரவில் மரம். இரவில் தரை வேறொருவருக்கு. வத்தளை அண்ணை, அந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுங்கள். மற்ற ஒன்றுக்கு நான் இன்னும் தயார்.

ஏப்ரல் 21

ஒன்பது நாளாகக் கூவல் இல்லை. போய்விட்டது. வாழையடியில் புது மண்.